சுவரில் கட்டிய கார்

நோர்வேயில் வாழும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் கதைத்தபோது, தான் இரண்டாவது மின்சாரக் காரையும் வாங்கிவிட்டதாகச் சொன்னான். அந்த நாட்டில் இது ஒரு செய்தியே அன்று. 2024ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்சாரத்தில் ஓடுபவை. பேச்சின் முடிவில் அவன் கேட்டான்.

"மாமா, உங்கடை அந்தப் பழைய லீஃப் இன்னும் ஓடுதோ? இப்ப அங்கையும் எல்லாரும் மின்சாரக் கார் எடுக்கினமாம். வாங்கலாமோ, வேண்டாமோ எண்டு ஒருக்கா எழுதுங்கோவன்."

ஓடுகிறது என்றேன். மற்றக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக அந்தக் காருடன் குடித்தனம் நடத்தியவன் நான். அதன் வரவு செலவுக் கணக்கை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் என்னால் இதுவரை கூட்டிப் பார்க்க முடியவில்லை. அதைப் பற்றியும் சேர்த்தே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

2015ஆம் ஆண்டு. மின்சாரக் கார்களுக்குப் பெற்றோல் கார்களைவிட வரி மிகக் குறைவாக இருந்த காலம். ஜப்பானில் ஓரிரு வருடங்கள் ஓடிய நிசான் லீஃப் கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வாழ்நாள் முழுவதும் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் செய்தி தேடி அலைந்த எனக்கு, நாற்பத்தைந்து வயதில் ஒரு கார் வாங்கலாம் என்ற துணிவு அப்போதுதான் வந்தது. கையிலிருந்த சேமிப்பைக் கொடுத்து, மீதிக்கு ஐந்து வருட லீசிங் போட்டு, வெள்ளை நிறத்தில் ஒன்றை வாங்கினேன். திரையில் தெரிந்த எழுத்துகள் எல்லாம் ஜப்பான் மொழி. எது ரேடியோ, எது பற்றறிக் கணக்கு என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் சென்றது.

அலுவலகத்தில் நண்பர்கள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். "கரண்ட் போனால் என்னடாப்பா செய்வாய்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானுந்தான்.

எனது வீடு வத்தளையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. சிறிய வீடு. ஆனால் சொந்த வீடு. ஒரு காரை நிறுத்த முற்றமும், அந்த முற்றத்தைப் பார்த்தபடி ஒரு சுவரும் உண்டு. அந்தச் சுவரின் பெறுமதி அன்று எனக்குத் தெரியாது.

காருடன் வந்த சார்ஜ் வயரின் நுனியில் யாரோ ஒரு சாதாரண 13 அம்பியர் பிளக்கைப் பொருத்திவிட்டிருந்தார்கள். அதை விறாந்தையில் இருந்த பிளக் பொயின்றில் செருகினேன். இந்தக் கார் சார்ஜ் ஆகும்போது ஏறத்தாழ மூன்று கிலோவாட் இழுக்கும். 230 வோல்ற்றில் கணக்குப் பார்த்தால் அது 13 அம்பியர். அதாவது அந்தப் பிளக்கால் தாங்கக்கூடிய எல்லையின் விளிம்பு. கேத்தில் ஒன்றும் அதே அளவு இழுக்கும்தான். ஆனால் கேத்தில் ஐந்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். காரோ ஆறு மணித்தியாலம், ஏழு மணித்தியாலம் என்று விடாமல் குடிக்கும். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணியளவில் ரப்பர் எரியும் மணம் கேட்டு மனைவிதான் முதலில் எழுந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பிளக்கின் ஒரு பக்கம் உருகிப் பொயின்றோடு ஒட்டியிருந்தது. சுவரில் கருமை படர்ந்திருந்தது.

மறுநாள் வயறிங் வேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஐயா, இது காரில்லை. நித்திரை கொள்ளாத ஒரு சுடுதண்ணீர்த் தாங்கி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். மின்பெட்டியிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர், அதற்கெனத் தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், நிலத்தில் இறக்கிய புதிய எர்த் கம்பி, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீலநிறப் பெரிய பிளக். இத்தனைக்கும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு போயிற்று. மின்சாரக் கார் வாங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். காரின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; விறாந்தைப் பிளக்கில் செருகிவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள்.

அடுத்து வந்தது மின்பட்டியல்.

எனது கார் பற்றறியின் கொள்ளளவு 24 கிலோவாட் மணி. மின்பட்டியலின் மொழியில் 24 அலகு. அலுவலகம் போய்வரவும் செய்திக்காக அங்குமிங்கும் ஓடவும் நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றர். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து நாளுக்கு ஐந்து அலகு. மாதம் 150 அலகு. அதுவரை எமது வீட்டின் பாவனை மாதம் 110 அலகு. ஆகவே ஒரேயடியாக 260.

இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. அன்றைய விலைப்படி, 60 அலகுக்கு மேல் பாவிக்கும் வீடொன்றில் முதல் 60 அலகுக்கும் அலகொன்று 7 ரூபா 85 சதம். படி ஏற ஏற விலையும் ஏறி, 180ஐத் தாண்டியவுடன் அலகொன்று 45 ரூபா. கார் எப்போதும் மேற்படியில்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு மட்டும் 1,800 ரூபாவளவில் வந்த பட்டியல் 7,660 ரூபாவாயிற்று. கார் குடித்தது மாதம் 5,860 ரூபா.

இதே தூரத்தை, லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் ஒரு பெற்றோல் காரில் ஓடியிருந்தால் 75 லீற்றர் வேண்டும். அப்போது 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 117 ரூபா. ஆக 8,775 ரூபா. எனக்கு மிச்சம் மாதம் 2,900 ரூபாவளவில். ஒயில் மாற்றுவதில்லை, பில்ரர் இல்லை, பிளக் இல்லை, பெல்ற் இல்லை என்பவற்றையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். காரை விற்றவர் சொன்ன "சும்மா ஓடலாம் சேர்" என்ற கணக்குக்கும் இதற்கும் வெகுதூரம்.

நேரத்துக்கேற்ற கட்டணமுறையும் அக்காலத்தில் அறிமுகமாகியிருந்தது. இரவு பத்தரை முதல் அதிகாலை ஐந்தரை வரை அலகொன்று 13 ரூபா. ஆனால் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை 54 ரூபா. கார் பத்தரை மணிவரை காத்திருக்கும், மனிதர்கள் காத்திருப்பார்களா? சமையல், அயன், பிள்ளைகளின் படிப்பு, தொலைக்காட்சி எல்லாம் அந்த 54 ரூபா நேரத்தில்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாதம் 1,500 ரூபாதான் இலாபம். மீற்றர் மாற்றம், இணைப்பு மாற்றம் என்று வரும் செலவைப் பார்த்து அதைக் கைவிட்டேன். பின்னாளில் அதற்காக வருந்தியதும் உண்டு.

அதேநேரம், வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நாலாம் மாடியில் குடியிருந்த என் நண்பர் ஒருவரும் இதே காரை வாங்கினார். கீழே தரிப்பிடத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. ஆனால் அங்கிருந்த மின்விளக்குகளும் பிளக்கும் பொது மீற்றரில் இருந்தன. "உமது காருக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்?" என்று தொடர்மாடிக் கூட்டத்தில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நாலாம் மாடியிலிருந்து தனி வயர் இறக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. காசு கொடுத்துச் சார்ஜ் செய்யும் இடங்களில் வரிசையில் நின்று நின்று களைத்து, எட்டே மாதத்தில் நட்டத்துக்கு விற்றுவிட்டார். விற்ற அன்று என்னிடம் சொன்னார், "உனக்குக் கார் இருக்கெண்டு நினைக்காதை. உனக்குச் சுவர் இருக்கு."

அந்தக் காரின் பெரிய செலவு பற்றறி. முன்பலகையில் எரிபொருள் அளவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சிறு கோடுகள் தெரியும். பற்றறியின் ஆயுளைக் காட்டும் கோடுகள் அவை. என் காரைப் போன்ற பழைய லீஃப்களின் பற்றறியைக் குளிர்விக்கத் தனியான ஏற்பாடு எதுவும் கிடையாது. குளிர்நாட்டில் அது பெரிய குறையாகத் தெரியாது. மருமகனின் நாட்டில் பனிக்காலத்தில் ஓடும் தூரம் குறையும்; கோடை வந்ததும் மீண்டுவிடும். எங்கள் வெயிலில் குறைவது மீளாது. வாங்கிய மூன்றாம் வருடம் முதற்கோடு மறைந்தது. 2020இல் ஒன்பது கோடுகள். புதிதில் 110 கிலோமீற்றர் ஓடிய கார், அப்போது எண்பதுக்கே திணறியது. 2022இல் முழுச் சார்ஜில் எழுபது. ஜப்பானில் பாவித்து இறக்குமதி செய்த காருக்கு உத்தரவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவையும் நான் ஒரு நட்டக் கணக்காகவே எழுதிக்கொண்டு வந்தேன். அப்படியிருக்கையில் 2022 வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு அந்த வருடம் தொலைக்காட்சிக் காட்சிகளாக நினைவிருக்கலாம். நாட்டிடம் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை. மார்ச் முற்பகுதியில் 254 ரூபாவாக உயர்த்தப்பட்ட பெற்றோல் லீற்றர், ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் இறுதியில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27 நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. கிலோமீற்றர் கணக்கில் வரிசைகள். வரிசையிலேயே மனிதர்கள் இறந்துபோன செய்திகளை நானே தலைப்பிட்டு அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் அந்நாட்களில் அசைந்த ஒரே நான்கு சக்கர வாகனம் என்னுடையது. ஆனால் அதற்கும் ஒரு வரிசை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வரிசை. எண்ணெயில்லாமல் மின்நிலையங்களும் நின்றன. மார்ச் கடைசி நாட்களில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. அலுவலக நண்பர் 2015இல் கேட்ட கேள்விக்கு ஏழு வருடம் கழித்து விடை வந்தது. மின்வெட்டு அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, கரண்ட் வரும் நேரமெல்லாம் காரைச் செருகி, போகும் நேரமெல்லாம் கழற்றி, நள்ளிரவில் அலாரம் வைத்து எழும்பி வாழ்ந்தோம். கூரையில் சூரியத் தகடு போட்டிருந்த பக்கத்துத் தெருக்காரருக்கும் உச்சி வெயிலில் மின்சாரம் இல்லை. வெளியே மின்கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால், சேமிப்புப் பற்றறி இல்லாத அத்தகைய தகடுகளும் தாமாகவே நின்றுவிடும் என்பதை அவரும் அப்போதுதான் அறிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். இளம் தம்பதியர்; மகனுக்கு அப்போது நாலு வயது. தொய்வு வருத்தக்காரப் பிள்ளை. மூச்சு முட்டினால் வீட்டிலேயே மருந்துப் புகை பிடிக்கும் சிறு இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். அதுவும் கரண்டில் இயங்குவது. ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு, மின்வெட்டு நேரம் பார்த்துப் பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. தந்தை மதில் மேலாக "அங்கிள், அங்கிள்" என்று கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. காரில் நாற்பது கிலோமீற்றருக்குச் சார்ஜ் இருந்தது. ராகம வைத்தியசாலைக்கு இருட்டுத் தெருக்களில் ஓடினோம். வழியில் ஓர் ஓட்டோ கூட இல்லை. விடியும்போது பிள்ளை தாயின் மடியில் நித்திரை. அன்று எனது நாட்குறிப்பில் கணக்கு எதுவும் எழுதவில்லை.

அந்தத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஐயாவின் நினைவே வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். பற்றறி தடை. நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் வானொலிச் செய்தி கேட்டோம். ஆசிரியரான ஐயாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 கார் இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலை ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்து, அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் வெள்ளைப் புகை கக்கி, இருமி இருமி, ஆனால் ஓடும்.

1991இல் ஓர் இரவு அம்மாவுக்குத் தாங்கமுடியாத வயிற்றுக் குத்து. உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனோம். முன்விளக்கைப் போடப் பயம். நான் முன் ஆசனத்தில் இருந்து கதவுக்கு வெளியே தலையை நீட்டி வழி சொல்லிக்கொண்டு வந்தேன். ஐயா ஒரு சொல்லும் பேசவில்லை. குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாக மறுநாள் வைத்தியர் சொன்னார். அம்மா பிழைத்தா. அதற்குப் பிறகு அந்தப் பெற்றோல் போத்தல் சாமியறையில் இருந்தது. சாமிப் படங்களுக்கு அருகில். பகிடிக்குச் சொல்லவில்லை.

1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் நான் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். ஐயாவும் அம்மாவும் பின்னர் உரும்பிராய்க்கே திரும்பிப் போனார்கள். ஐயா காலமானபின் அம்மா எனது தங்கையுடன் அங்கேயே இருந்தா. "உன்ரை கரண்டுக் காரிலை ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவன்" என்று அம்மா கேட்பதுண்டு. "அது அவ்வளவு தூரம் வராதம்மா" என்பேன். "அப்ப என்னத்துக்கு அதை வாங்கினாய்?" என்பா. சிரிப்போம்.

2022 ஜூலை முதல் வாரத்தில் ஓர் இரவு பத்து மணிக்குத் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே வந்தால் நல்லது என்று வைத்தியர் சொல்கிறார்.

வெளியே முற்றத்தில் கார் நின்றது. அன்று பகல் முழுவதும் கரண்ட் இருந்தது. திரையில் நூறு சதவீதம். முழுச் சார்ஜ்.

நான் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தேன். என்ன நினைத்து ஏறினேனோ தெரியாது. வத்தளையிலிருந்து உரும்பிராய்க்கு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். எனக்கு இருந்ததோ எழுபது. சிலாபத்தைத் தாண்டாது. சிலாபத்தில் யார் வீட்டுச் சுவரில் ஆறு மணித்தியாலம் செருகுவது? அதன் பின் புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுவர் வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் கரண்ட் இருக்க வேண்டும். விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். இரண்டு நாள். வாடகைக் கார்க்காரர்கள் நால்வரிடம் கேட்டேன். எவரிடமும் எண்ணெய் இல்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இறங்கி வாங்கோ. விடிய பஸ் இருக்கும்" என்றாள்.

விடியற்காலையில் அதே காரை ஓட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். பத்துக் கிலோமீற்றர். அதற்கு அது மிக நல்ல கார். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் புறப்பட்டேன், அத்தனை கூட்டம். வவுனியாவை நெருங்கும்போது தங்கை அழைத்தாள். அழைப்பை எடுக்கும் முன்னரே தெரிந்துவிட்டது.

மண்ணெண்ணெயில் இருமி ஓடிய காரில் ஒரு மகன் தன் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். முப்பத்தொரு வருடம் கழித்து, முழுச் சார்ஜ் ஏறிய காரை முற்றத்தில் வைத்துக்கொண்டு அதே மகனால் அந்தத் தாயிடம் போய்ச் சேர முடியவில்லை. இது காரின் பிழையன்று என்பது எனக்குத் தெரியும். பெற்றோல் கார் வைத்திருந்தவர்களும் அன்று போயிருக்க முடியாது. இருந்தாலும் அந்த இரவு திரையில் ஒளிர்ந்த நூறு சதவீதம் என்ற எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. நாட்குறிப்பில் நான் கூட்டிப் பார்க்காத பக்கம் அதுதான்.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் மின்கட்டணமும் உயர்ந்தது. 180 அலகுக்கு மேல் அலகொன்று 45 ரூபாவாக இருந்தது 75 ரூபாவாயிற்று. காருக்கான மாதச் செலவு ஏறத்தாழ 10,000 ரூபா. ஆனால் அதே தூரத்துக்கு வேண்டிய 75 லீற்றர் பெற்றோல் அப்போதைய 450 ரூபா விலையில் 33,750 ரூபா. ஏழு வருடங்களாக மாதம் 2,900 ரூபாவை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று 23,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். கார் மாறவில்லை. நான் ஓடும் தூரமும் மாறவில்லை. நாடு உடைந்ததால் என் கணக்கு இலாபமாயிற்று. இந்த இலாபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

2023இல் கோடுகள் ஏழாகின. ஐம்பத்தைந்து கிலோமீற்றர். முழுப் பற்றறியும் மாற்றினால் பத்து இலட்சத்துக்கு மேல் என்றார்கள். கராஜ் ஒன்றில் வேறு வழி சொன்னார்கள். எனது பற்றறிக்குள் 48 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள். எல்லாம் ஒரே அளவில் கெடுவதில்லை. மிக மோசமானவற்றைக் கழற்றி, விபத்தில் சிதைந்த கார்களிலிருந்து எடுத்த நல்லவற்றைப் போட்டார்கள். நாலரை இலட்சம் ரூபா. இப்போது எண்பது கிலோமீற்றர் ஓடுகிறது. பழைய 2,900 ரூபாக் கணக்கில் இந்தச் செலவை மீட்கப் பதின்மூன்று வருடங்கள் எடுத்திருக்கும். 2022இன் கணக்கில் இருபது மாதம். ஆக, மின்சாரக் கார் இலாபமா நட்டமா என்று ஒருவர் கேட்டால், எந்த வருடத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இப்போது வரும் புதிய மின்சாரக் கார்கள் முந்நூறு, நானூறு கிலோமீற்றர் ஓடக்கூடியவை; பற்றறியைக் குளிர்விக்கும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. என் காரின் குறைகளை வைத்து அவற்றை எடைபோடுவது நியாயமாகாது. ஆனால் மின்சாரம் அதே மின்சாரம்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுவதும் இருண்டது. வெயில் நன்றாக எறித்த பகல். கூரைத் தகடுகளிலிருந்து மின்சாரம் மிகுதியாக வந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளாகையால் வாங்குவாரில்லை. அத்தகைய நேரத்தில் ஒரு சிறு அதிர்ச்சியையும் மின்வலையமைப்பால் தாங்க முடியவில்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

நண்பகலில் மிஞ்சிப் போகும் மின்சாரம். அந்த நேரத்தில் அலுவலக வாசல்களில் சும்மா நிற்கும் கார்கள். இரவில் அந்தக் கார்கள் வீடு வந்து செருகப்படும்போது நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. என் கார் புகை விடுவதில்லை என்று நான் பெருமைப்படுவதில்லை. அதன் புகைபோக்கி கற்பிட்டிப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். வேலைத்தலங்களின் சுவர்களில் பகல்நேரப் பிளக்குகளைப் பூட்டினால் இந்த இரண்டு சிக்கலும் ஓரளவு தீரும். தொடர்மாடிகளில் வாழ்வோருக்கும் அதுதான் வழி. சொந்தச் சுவர் உள்ளவனுக்கு மட்டும் மலிவான பயணம் என்பது நெடுங்காலம் நிலைக்கக் கூடாத ஏற்பாடு.

ஆகவே மருமகனுக்கும், வாங்கலாமா என்று என்னைக் கேட்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். உமக்கென்று ஒரு சுவர் இருக்கிறதா? நாளாந்தம் ஓடும் தூரம், கார் ஓடக்கூடிய தூரத்தில் பாதிக்குள் அடங்குகிறதா? பற்றறிக்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள், நல்ல வாகனம். சத்தமில்லை, மணமில்லை, வழியில் நின்று கழுத்தறுப்பதும் மிகக் குறைவு. முன்பக்கத்தில் இருக்கும் சாதாரண 12 வோல்ற் பற்றறியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெரிய பற்றறி நிறைந்திருந்தாலும் அந்தச் சின்னது செத்துவிட்டால் கார் கண்ணே திறக்காது. எனக்கு இருமுறை நடந்திருக்கிறது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. உமக்கு வேண்டியவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அம்மாவின் திவசத்துக்கு உரும்பிராய்க்குப் போகிறேன். பஸ்ஸில்தான். புறப்படும் இரவு காரைச் செருகிவிட்டுப் போவது வழக்கம். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுத்துவிடுவேன். அவர் மகனுக்கு இப்போது எட்டு வயது. இழுப்பு முன்னரைப் போல இல்லையாம், ஆனாலும் இருக்கட்டும்.